தம்பி வயலுக்கு வராத கிடை

கண்மாய்க்கரை மடத்துக்குக் கோபத்தோடு போகாதே என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். போனால், அங்கே இருக்கிற மடத்தம்மாவின் கோபத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரவேண்டியிருக்கும்.

அவள் பெயர் மெய்யம்மை. முந்தைய சாமி அடங்கியபோது மடத்தையும் மடத்து வயலையும் அவளிடம் விட்டுப் போனார். ஞானம் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வயலில் களை பறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதிப் பேர் வசவு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருந்தும் கூட்டம் குறையவில்லை. திட்டினால்தான் சாமி என்று நம்புகிற ஊர் அது.

அடைக்கலம் அவளிடம் தீட்சை வாங்கியவன். அவளைவிட மூத்தவன், தலை முழுக்க வெள்ளை. ஆனாலும் அவள் முன்னால் தரையில்தான் உட்காருவான், ஆத்தா என்றுதான் கூப்பிடுவான்.

அவனுடைய அப்பா செத்துக் கருமாதி முடிந்த கையோடு ஒருநாள் மடத்துக்கு வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆத்தா, எனக்கு இந்தக் கோபம் போகணும்."

"ஏன், இருந்துட்டுப் போகட்டுமே."

"சோறு இறங்க மாட்டேங்குது. படுத்தா நெஞ்சு எரியுது."

"யாரு மேல கோபம்?"

"என் தம்பி மேலதான்."

"என்ன செஞ்சான்?"

"செய்யலை. சொன்னான்."

தம்பி சாத்தப்பன் சொன்னது ஊருக்கே தெரியும். சுடுகாட்டில் ஊரே கூடி நின்றது. மூத்தவன் என்ற முறையில் அடைக்கலம் கொள்ளி வாங்கக் கையை நீட்டினான். சாத்தப்பன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"கஞ்சி ஊத்தாத கை கொள்ளி வைக்குதாம்."

அப்பா கடைசிக் காலத்தில் கிடையாகக் கிடந்தது சாத்தப்பன் வீட்டில். அடைக்கலத்தின் வீடும் அதே தெருதான். அவனைக் கேட்டால், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், வைத்தியரைக் கூட்டிவந்தேன், வேறு என்ன செய்யவேண்டும் என்பான். பாகம் பிரித்தபோது கிணற்றடி வயலைச் சின்னவனுக்குக் கொடுத்த அப்பன் சின்னவன் கையால்தான் குடிக்கட்டும் என்று அவன் ஒருகாலத்தில் சொன்னதும் உண்டு. அது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவனுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

மடத்தம்மா சாணிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கோபமும் எரு மாதிரிதாம்ப்பா. எங்கே கொட்டுறோம்னு பார்த்துக் கொட்டணும்."

அடைக்கலம் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். குரு சொன்னதில் பாதியைத்தான் சீடன் காதில் போட்டுக்கொண்டு போவான். இது எல்லா மடத்திலும் நடக்கிற கூத்துதான்.

அந்த மாசியில் வழக்கம்போல கிடை ஆடு வந்தது. அறுவடை முடிந்த வயல்களில் இரவெல்லாம் ஆடுகளை வலைபோட்டு அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பது சம்சாரிகள் வேதம். இந்த ஊரில் கிடைக்கு முறை உண்டு. மேற்கே தொடங்கி வரப்பு வரப்பாக வரும். பெரிய வீடு, சின்ன வீடு என்று பார்க்க மாட்டார்கள். அடுத்தவன் முறையில் கைவைத்தவனுக்கு ஊரில் நல்ல பேர் கிடையாது.

அடைக்கலத்தின் வயலில் கிடை முடிந்ததும் சாத்தப்பன் வயலுக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. சாத்தப்பன் அப்போது காரைக்குடியில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கிணற்றடி வயல் என்று பேர்தானே தவிர, கிணறு வற்றி வருசக்கணக்கு ஆகிவிட்டது. மண்ணும் ஓய்ந்துபோயிருந்தது. இந்தத் தடவையும் விளையவில்லை என்றால் வயலை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விடுவேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அடைக்கலத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எதிர்த்த வீட்டில் அந்த வாய் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆட்டுக்காரர்களுக்குத் தலைவன் முத்திருளாண்டிக் கீதாரி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அடைக்கலம் போய் நின்றான்.

"கிடை இங்கேயே கெடக்கட்டும் கீதாரி."

"அடுத்தது உங்க தம்பி முறையில்லையாய்யா?"

"அவனுக்கு வேணாமாம்."

கீதாரி சிரித்தான். "கிடையை வேணாங்கிற சம்சாரியும் இருக்கானாய்யா?"

"யூரியாவைப் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டான். அவன் இந்தக் காலத்துப் பிள்ளை. உனக்குச் சேரவேண்டியது என்கிட்டேருந்து வந்து சேரும், போ."

அண்ணன் சொல்கிறான், தம்பியைப் பற்றி. ஊரான் என்ன குறுக்கே பேசுவது. கீதாரி வலையை மறுபடி விரித்தான்.

தம்பிக்கு உரிய ராத்திரிகள் எல்லாம் அண்ணன் வயலில் கழிந்தன. ஆடுகள் அதே இடத்தில் படுத்து அதே இடத்தில் எழுந்தன. மண் கறுத்துப்போய் நெடியடித்தது. இதற்குமேல் தாங்காது ஐயா என்று கீதாரியே ஒருநாள் சொன்னான். அடைக்கலம் கேட்கவில்லை.

சாத்தப்பன் ஊர் திரும்பியபோது கிடை அடுத்த ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அவன் தன் வயலில் இறங்கிப் பார்த்தான். ஒரு புழுக்கை இல்லை. வரப்பில் ஏறி நின்று அண்ணன் வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடைக்கலத்துக்கு அதில்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சண்டைக்கு வருவான், வந்தால் பதிலுக்கு இன்ன இன்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தான். அத்தனையும் வாய்க்குள்ளேயே புளித்துப் போயிற்று.

மழை பெய்தது, கண்மாய் நிரம்பியது, நட்டார்கள். அடைக்கலத்தின் பயிர் எழும்பிய வேகத்தைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. கருகருவென்று, இடுப்பு உயரம். தம்பி வயலில் பயிர் வெளிறிப்போய், எண்ணிவிடலாம்போல நின்றது. அதைப் பார்த்தும் அடைக்கலத்துக்கு மனம் ஆறவில்லை. இன்னும் பச்சை வேண்டும் என்று யூரியாவை வேறு வாங்கிவந்து வீசினான். வீசும்போது கண் முழுக்கத் தம்பி வயல் பக்கம்தான் இருந்தது.

அந்தப் பெருமையைச் சொல்ல மடத்துக்கு ஓடினான்.

"ஆத்தா, பயிரை வந்து பாருங்க. ஆள் உள்ளே உட்கார்ந்தா தெரியாது."

"ஆளையா அறுக்கப் போறே?"

"ஏன் ஆத்தா அப்படிச் சொல்றீங்க?"

"கதிரு வரட்டும், போ."

கதிர் வந்தது. வந்தபோது கழுத்தில் கறுப்பு விழுந்தது. குலைநோய். ஊட்டம் மிதமிஞ்சிப் போன பயிரைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும். மருந்து அடித்தான், கேட்கவில்லை. மார்கழியில் ஒருநாள் காற்றோடு மழை பிடித்தது. அவ்வளவு உயரம் வளர்ந்த பயிர் அடியில் பலம் இல்லாமல் மொத்தமாகப் படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்து அழுகியது போக, கைக்கு வந்தது பதர்.

சாத்தப்பனின் நோஞ்சான் பயிர் நின்றது. பெரிதாக ஒன்றும் விளையவில்லை. கடனடைக்கவும் விதைக்கும் போக அவனுக்கு மிஞ்சியது சொற்பம். ஆனால் அது நெல். உமி இல்லை.

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிராளிக்குச் சகுனத்தடை செய்தானாம் என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். யாரைச் சொல்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

அடைக்கலம் கையில் அரிவாளோடு மடத்துக்கு வந்தான். அறுக்கப் போன அரிவாள்தான். கீழே வைக்கத் தோன்றவில்லை.

"இது என்ன நியாயம் ஆத்தா? எருப் போட்டவன் நான். சீரழிஞ்சவனும் நானா? ஒண்ணும் போடாதவனுக்கு வெளைஞ்சிருக்கு."

மடத்தம்மா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எவ்வளவு போட்டே?"

"இந்தத் தாலுகாவில எவனும் போட்டிருக்க மாட்டான்."

"எல்லாம் உன்னோடதா?"

அவள் வைக்கோலைக் கீழே போட்டாள்.

"நாளைக்குப் போய் உன் வயல்ல மேல் மண்ணை வெட்டு. கூடை கூடையா அள்ளிக்கொண்டுபோய்த் தம்பி வயல்ல போடு."

"என்னது?"

"உன் மண்ணுக்கு அசீரணம் பிடிச்சிருக்கு. அவன் மண்ணு பட்டினி கெடக்கு. இதுக்கு நான் வேதத்தையா பார்த்துச் சொல்லணும்?"

"செத்தாலும் செய்ய மாட்டேன் ஆத்தா."

"செத்தவன் எப்படிப்பா மண்ணு வெட்டுவான். அதான் இப்பவே வெட்டச் சொல்றேன்."

"வேற எது சொன்னாலும் செய்றேன். விரதம் இருக்கச் சொல்லுங்க. மடத்துக்கு நெல்லு அளக்கச் சொல்லுங்க. காசிக்குப் போன்னா போறேன்."

"காசிக்குப் போறதுக்கு நான் எதுக்கு? ரயிலே கூட்டிட்டுப் போகும்."

அடைக்கலம் எழுந்தான். இனி இந்த மடத்துப் படி ஏறுவதில்லை என்று முனகிக்கொண்டே போனான். அவள் காதில் அது விழுந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனிடம் ஒருவன் வந்து சொன்னான். "என்ன அண்ணே, நீ இங்கே சாவகாசமா உட்கார்ந்திருக்கே. உன் வயல்ல மடத்தம்மா மண்ணு வெட்டிக்கிட்டிருக்கு."

அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

உண்மைதான். தண்ணீர் வடிந்து காய்ந்த வயலில் காவிச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டினாள், கூடையில் அள்ளினாள், தலையில் தூக்கிவைத்தாள், வரப்பைத் தாண்டினாள், கொட்டினாள். தம்பி வயலில் கறுப்பு மண் அங்கங்கே குவிந்திருந்தது. வரப்பில் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உதவி செய்யலாமா கூடாதா என்று ஒருவனுக்கும் தெரியவில்லை.

அடைக்கலம் நேரே போய்க் கூடையைப் பிடித்தான்.

"விடுப்பா."

"விட மாட்டேன். இது என் வயலு, என் மண்ணு."

"கையை எடு அடைக்கலம்."

"நீங்க எனக்கு குருவா, அவனுக்கு குருவா?" அவன் கத்தினான். அந்த மடத்து வாசலில் இத்தனை வருசமாக அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ஊரு பார்க்க என்னை அவமானப்படுத்துறீங்க. அன்னைக்கு அவன் செஞ்சான். இன்னைக்கு நீங்க செய்றீங்க."

மடத்தம்மாவின் முகம் சிவந்தது. அவளும் சாதாரணப் பிறவி இல்லை.

"திருடின பொருளை உரியவன் வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அதுக்கு என் கையையா பிடிக்கிறே? கீதாரி போற வழியில மடத்துல சொல்லிட்டுத்தான் போனான். அவன்கிட்ட என்ன சொன்னே? இவங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இப்போ சொல்லு பார்ப்போம்."

வரப்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுவரை சந்தேகம்தான் இருந்தது. அடைக்கலத்தின் கை கூடையிலிருந்து தானாகவே விலகியது.

அதற்குள் சாத்தப்பன் வந்துவிட்டான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வந்தவன் அண்ணனைப் பார்க்கவில்லை. தன் வயலில் கிடந்த மண்குவியலைப் பார்த்தான்.

"ஆத்தா, எனக்கு இந்த மண்ணு வேணாம்."

"உன்னை யாருப்பா கேட்டா?"

"அவரு மண்ணு என் வயல்ல கெடக்க வேணாம். நான் இந்த வயலையே விக்கிறதுக்கு ஆள் பேசிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை முன்பணம். திருப்பூர்ல வீடுகூடப் பார்த்தாச்சு."

"வித்துக்கோ. வாங்குறவனாவது நல்லா வெளைய வைக்கட்டும். வழியை விடு."

அவள் கூடையைத் தூக்கினாள். அவன் வழியை விடாமல் நின்றான். அவன் தாடை இறுகியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கே உண்டான தாடை. கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இறுகும்.

"சாத்தப்பா," என்றான் அடைக்கலம்.

சுடுகாட்டுக்குப் பிறகு தம்பியின் பெயரை அவன் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

"கிடையை மறிச்சது நான்தான். வேணாம்னு நீ சொன்னதா கீதாரிகிட்ட பொய் சொன்னேன். போதுமா? ஊரு முன்னால ஒத்துக்கிட்டேன். மண்ணை அள்ளிக்கோ. முழுசா அள்ளிக்கோ. எனக்கு ஒண்ணும் வேணாம்."

சாத்தப்பன் மண்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிலுக்கு நீயும் ஒண்ணு செய். அன்னைக்குச் சொன்னியே, அதை இதே ஊரு முன்னால திருப்பி எடுத்துக்கோ. கோபத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு அது போதும்."

சாத்தப்பன் இப்போதுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"அது மட்டும் முடியாதுண்ணே."

சொல்லிவிட்டு வழியை விட்டு விலகினான். மடத்தம்மாவிடமிருந்து கூடையை வாங்கித் தானே தன் வயலில் கொட்டினான். காலிக் கூடையை அண்ணன் வயல் பக்கம் வீசிவிட்டு, கொட்டிய இடத்திலேயே குந்தி, கையால் மண்ணைப் பரப்பத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அண்ணன் தம்பி சண்டையில் ஒரு கட்டத்துக்குமேல் நின்று பார்க்கக் கூசும்.

மடத்தம்மா வெட்டிப்போட்ட இடத்தில் அடைக்கலம் அப்படியே உட்கார்ந்தான். மடத்தம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

அவன் ஒரு கட்டி மண்ணை எடுத்தான். விரலால் நெரித்தான். பொலபொலவென்று உதிர்ந்தது.

"எத்தனை ஆடு கெடந்துச்சு இங்கே. ஒரு புழுக்கையைக் காணோம். எல்லாம் மண்ணாப் போச்சு," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"போகும். மண்ணோட வேலை அது."

"தாளு போச்சு. வேரு போச்சு. பயிரே போச்சு." அவன் குரல் மறுபடி ஏறியது. "அவன் சொன்ன சொல்லு மட்டும் போக மாட்டேங்குதே ஆத்தா. என்னை எவனெவனோ எத்தனையோ பேசியிருக்கான். களவாணிப் பயன்னு சொல்லியிருக்கான். பொறம்போக்குன்னு சொல்லியிருக்கான். மாமனார் செத்தப்போ என் மச்சான் செருப்பையே தூக்கியிருக்கான். ஒண்ணும் நெஞ்சுல நிக்கலை. மறுவாரம் அவனோடவே உட்கார்ந்து சோறு தின்னுருக்கேன்."

கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"இவன் சொன்னது ஒரு சொல்லு. ஒரே ஒரு பொய். ஒரு வருசம் ஆச்சு, ஒரு போகமே வெளைஞ்சு அழிஞ்சு போச்சு. நான் பண்ணாத பாவம் எல்லாம் பண்ணிட்டேன். இன்னும் அது உள்ளே சொன்ன அன்னைக்கு இருந்த மாதிரியே கெடக்கு. ஏன் ஆத்தா? அந்தப் பொய்யில அப்படி என்னதான் இருக்கு?"

மடத்தம்மா குனிந்து காலிக் கூடையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"பொய்யா இருந்தா இந்நேரம் மக்கியிருக்கும்ப்பா."